பழைய புத்தகக் கடையில் எது பழையது?

வாக்கிய அமைப்பைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சேர்ந்துகொண்டே இருந்தன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் தெருவில் 'பழைய புத்தகக் கடை' என்று ஒரு போர்டு. கடையோ போன வருடம் திறந்தது. போர்டு தப்பு என்கிறார் நண்பர், சரி என்கிறேன் நான். ஒரு வாரமாக வாக்குவாதம். (மதுரை வாசகர்)

போர்டு சரிதான். ஆனால் நண்பர் காதில் விழுந்ததும் தமிழ்தான், அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். 'பழைய புத்தக' என்பதை ஒரு துண்டாகச் சேர்த்து, அதோடு 'கடை'யை ஒட்டினால் பழைய புத்தகங்களை விற்கும் கடை. 'பழைய' என்று சொல்லி ஒரு நொடி நிறுத்திவிட்டு 'புத்தகக் கடை' என்று சொல்லுங்கள், கடைக்கே வயதாகிவிடும். சொற்கள் அவையேதான், வரிசையும் அதேதான், எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. மாறியது எதோடு எது முதலில் சேர்கிறது என்பது மட்டும்தான். தொடரியல் என்று ஒரு படிப்பு இருப்பதே இந்தச் சேர்க்கையைப் பார்ப்பதற்காகத்தான். மேலே பார்த்தால் சொற்கள் ஒரே வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கும், உள்ளே போனால் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும்.

'சின்ன வெங்காய சாம்பார்' என்றால் சாம்பார் கொஞ்சமாக இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. சின்ன வெங்காயம் என்பது நமக்கு ஒரே பொருளின் பெயராக ஊறிப்போனதால் அங்கே வேறு மாதிரி வெட்ட மனம் போவதே இல்லை.

கேள்வி: தமிழில் சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் மாறாது என்று பெருமையாகச் சொல்கிறார்களே, நிஜமா? (கோவை வாசகர்)

பாதி நிஜம். மீதிப் பாதியைத்தான் யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்த பாதி.

'நேற்று அக்கா பாட்டிக்கு மாத்திரையைக் கொடுத்தாள்.' வினையைக் கடைசியில் வைத்துக்கொண்டு முன்னாலிருக்கும் நான்கையும் 24 விதமாக மாற்றலாம். எதைச் சொன்னாலும் கொடுத்தது அக்கா, வாங்கிக்கொண்டது பாட்டி. 'பாட்டிக்கு' என்பதில் இருக்கிற 'கு', 'மாத்திரையை' என்பதில் இருக்கிற 'ஐ', இரண்டும் யார் எவர் என்று கையில் சீட்டு கொடுத்து அனுப்பிவிடுகின்றன, அதனால் எங்கே உட்கார்ந்தாலும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. அப்போதும் 24-ம் ஒன்றில்லை. 'மாத்திரையைப் பாட்டிக்கு அக்கா கொடுத்தாள்' என்று சொன்னால், யார் கொடுத்தது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று தோன்றும். வினைக்கு ஒட்டி முன்னால் வருகிற இடத்துக்கு அழுத்தம் அதிகம்.

இப்போது இதைப் பாருங்கள். 'நேற்று வந்த அக்கா பாட்டிக்கு மாத்திரையைக் கொடுத்தாள்.' இதில் 'வந்த' என்ற ஒரு சொல்லை மட்டும் கிளப்பிப் 'பாட்டிக்கு' முன்னால் வையுங்கள். 'நேற்று அக்கா வந்த பாட்டிக்கு மாத்திரையைக் கொடுத்தாள்.' ஊரிலிருந்து வந்தது இப்போது பாட்டி! 'வந்த' பெயரெச்சம், தனக்கு அடுத்து வரும் பெயரைப் பிடித்துக்கொள்ளும், விடாது. 'நேற்று வந்த அக்கா' மூன்று சொல்லானாலும் நகர்ந்தால் ஒரே மூட்டையாகத்தான் நகரும், மூட்டையைப் பிரித்து ஒன்றை மட்டும் உருவ முடியாது. அதாவது தமிழில் துண்டுகளுக்குத்தான் சுதந்திரம், துண்டுக்குள் இருக்கும் சொற்களுக்குக் கிடையாது.

அந்த 'ஐ' விட்டுப்போனாலும் சுதந்திரம் சுருங்கிவிடும். 'யானை மரம் இழுத்தது' என்றால் புரிகிறது. 'மரம் யானை இழுத்தது' என்றால் கேட்பவர் ஒரு கணம் தடுமாறுகிறார், 'மரத்தை யானை இழுத்தது' என்றால் தடுமாற்றம் போய்விடுகிறது.

இந்த விதிகளை எந்தப் பள்ளிக்கூடமும் நமக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. நாலு வயதுக் குழந்தைகூட இதில் தப்பு செய்யாது. மொழியியலாளர்கள் வேண்டுமென்றே கோணலான வாக்கியங்களைச் செய்து பார்ப்பதும், தமிழில் யாரும் சொல்லாத வாக்கியத்துக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைப்பதும் இதற்காகத்தான். எங்கே உடைகிறது என்று பார்த்தால்தான் எது தாங்கி நிற்கிறது என்று தெரியும். வீட்டில் உட்கார்ந்து நீங்களும் செய்யலாம், தமிழ் பேசும் ஒரு காது இருந்தால் போதும்.

கேள்வி: 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் எழுவாய் எது என்று ஒரு மாணவி கேட்டாள். 'பசி' மறைந்து நிற்கிறது என்று சொல்லி வைத்தேன், மனம் ஒப்பவில்லை. (யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் ஆசிரியை)

மனம் ஒப்பாதது நியாயம்தான் டீச்சர். 'எனக்கு அவனைப் பிடிக்கும்' என்ற வாக்கியத்தை அந்த மாணவியிடம் கொடுத்துப் பாருங்கள். 'எனக்கு' நான்காம் வேற்றுமை, 'அவனை' இரண்டாம் வேற்றுமை. முதல் வேற்றுமையில் ஒரு பெயரும் இல்லை. மறைந்து நிற்கிறது என்று சொல்லவும் பொருத்தமான ஒன்று கிடைக்காது. வினையும் யாரோடும் ஒத்துப்போவதில்லை. எனக்கு, உனக்கு, அவர்களுக்கு, எல்லோருக்கும் 'பசிக்கிறது' ஒன்றுதான்.

அப்படியானால் 'எனக்கு' எழுவாய் இல்லையா? இங்கே ஒரு சின்னச் சோதனை உண்டு. 'தன்' என்ற சொல் சாதாரணமாக எழுவாயைத்தான் திரும்பிப் பார்க்கும். 'அவள் அவனுக்குத் தன் வீட்டைக் காட்டினாள்' என்றால் வீடு அவளுடையது, 'அவனுக்கு' பக்கத்திலேயே நின்றாலும் 'தன்' அவனைச் சீண்டுவதில்லை. இப்போது 'அவளுக்குத் தன் மகளைப் பிடிக்கும்'. யாருடைய மகள்? அவளுடைய மகள்தான். இந்த வாக்கியத்தில் நான்காம் வேற்றுமைப் பெயர் எழுவாய்க்குரிய வேலையைச் செய்கிறது! உருபைப் பார்த்தால் எழுவாய் இல்லை, நடத்தையைப் பார்த்தால் பாதி எழுவாய். எழுவாய் என்பது ஒரே குணம் இல்லை, பல குணங்களின் கட்டு என்றும், சில வாக்கியங்களில் அந்தக் கட்டு பிரிந்து ஆளுக்கொன்றாகப் போய்விடும் என்றும் பார்ப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பசி, தூக்கம், பிடித்தம், தெரிதல் என்று நாம் முனைந்து செய்யாமல் நமக்கு நேர்கிறவற்றில்தான் இந்த அமைப்பு அதிகம் வருகிறது. மலையாளத்தில் 'எனிக்கு விசக்குன்னு', இந்தியில் 'முஜே பூக் லகீ ஹை', உங்கள் பக்கத்தில் காதில் விழும் சிங்களத்தில் 'மட்ட படகினி'. குடும்பம் வேறு வேறாக இருந்தாலும் இந்தப் பகுதி மொழிகள் பலவும் பசியை இப்படித்தான் சொல்கின்றன.

உங்கள் மாணவியிடம் சொல்லுங்கள், மொழியியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கும் கேள்வியைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

கேள்வி: ஜப்பானிய வாக்கியமும் தமிழ் வாக்கியமும் ஒன்றாக இருப்பதால் இரண்டும் உறவு மொழிகள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். (சேலம் வாசகர்)

'மேசையின் மேலே' என்பதற்கு ஜப்பானியர் 'த்சுகுயே நோ உயே நி' என்பார்கள். மேசை, இன், மேல், இல். வரிசை அச்சு அசலாக நம்முடையது. முதலில் பார்க்கும்போது எனக்கும் சிலிர்த்தது. ஆனால் துருக்கியிலும் இதே வரிசைதான். உலக மொழிகளின் சொல்வரிசையைத் தொகுத்த ஒரு பெரிய அட்டவணையில் இருக்கும் 1376 மொழிகளில் 564, நம்மைப் போல எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற வரிசைக்காரர்கள், இருப்பதிலேயே பெரிய கூட்டம் அதுதான். வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் பெரும்பாலும் 'மேல்', 'கீழ்' போன்றவற்றையும் பெயருக்குப் பின்னால்தான் வைக்கும் என்று மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் 1963-லேயே எழுதிவிட்டார். ஒன்று அமைந்தால் இன்னொன்றும் கூடவே வந்துவிடுகிறது. இதை வைத்து மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது.

கேள்வி: நம் பழைய இலக்கணங்களில் வாக்கிய ஆராய்ச்சி உண்டா, எழுத்தும் சொல்லும் மட்டும்தானா? (தஞ்சாவூர் வாசகர்)

உண்டு, பொருள்கோள் என்ற பெயரில். செய்யுளில் சொற்கள் எந்த முறையில் ஒன்றோடொன்று சேர்ந்து பொருள் தருகின்றன என்பதற்கு தொல்காப்பியத்தின் எச்சவியல் என்ற பகுதி நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என்று நான்கு வகை சொல்கிறது, நன்னூல் அதை எட்டாக்கியது. 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அன்பு பண்போடும் அறன் பயனோடும் சேர வேண்டும். கோடு போட்டு இணைத்தால் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அதுதான் நிரல்நிறை.

பேச்சுத் தமிழில் கோடுகள் அப்படி வெட்டிக்கொள்வது அபூர்வம். 'பிள்ளைகளை ஹான்ஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க உதவ விட்டோம்' (ஹான்ஸ் ஓர் ஆளின் பெயர்) என்ற வாக்கியத்தில் கடைசிப் பெயரான 'வீட்டுக்கு' முதல் வினையான 'வெள்ளையடிக்க'வோடு சேர்கிறது, முதல் பெயரான 'பிள்ளைகளை' கடைசி வினையான 'விட்டோம்' என்பதோடு சேர்கிறது. அடுக்குப் பாத்திரம் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. சுவிட்சர்லாந்தில் பேசும் ஜெர்மனில் இதையே சொல்லும்போது பெயர்கள் இதே வரிசையில் வரும், வினைகள் மட்டும் 'விட்டோம், உதவ, வெள்ளையடிக்க' என்று வரும். மூன்று கோடுகளும் குறுக்கே ஓடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க மட்டும் தெரிந்த இலக்கண வகை மனித மொழிக்குப் போதாது என்று கணினி மொழியியலாளர் ஸ்டூவர்ட் ஷீபர் 1985-ல் நிறுவியது இந்த மாதிரி வாக்கியங்களை வைத்துத்தான். நிரல்நிறைக்குப் பெயர் வைத்தவர்கள் இந்தக் குறுக்குக் கோட்டை எப்போதோ கவனித்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

கேள்வி: நடுவில் வரும் ஒற்றெழுத்துகளை விட்டுவிட்டால் என்ன குறைந்துபோகும்? (சென்னை வாசகர்)

'தந்த பலகை' யாரோ கொடுத்தது, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தால் ஆனது. 'வேலை தேடினான்' என்றால் அவனுக்குச் சம்பளம் வேண்டும், 'வேலைத் தேடினான்' என்றால் வேலாயுதத்தைக் காணோம். முன்னால் சொன்ன துண்டுகள் எங்கே ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் தையல்தான் அந்த ஒற்று. போன மாதம் ஒரு காய்கறிச் சந்தையில் 'கீரை கடை' என்று பெரிதாக எழுதியிருந்தது. மத்தை எடுத்துக் கீரையைக் கடையச் சொல்கிறது அந்தப் பலகை, ஒரு 'க்' போட்டிருந்தால் கடை ஆகியிருக்கும்.