வாசகர் கேள்வி: புதுப் பாடம் கமிட்டில ஏன் சிக்குது?

கேள்வி: ஐயா வணக்கம். நான் கே.எல்.ல ஒரு தனியார் யூனிவர்சிட்டில லெக்சரரா சேர்ந்து மூணு வருஷம் ஆவுது. நம்ம ரப்பர் தோட்டத்துப் பாட்டுகள வச்சு மூணு கிரெடிட் எலெக்டிவ் ஒன்னு எழுதி ஃபேகல்டி கமிட்டிக்கு கொடுத்தேன், ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாங்க. தமிழ்னாலே இப்படித்தானா? மனசு விட்டுப்போச்சு.
– வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, வருத்தம் புரியுது, ஆனா தமிழ்ங்கிறதாலதான்னு உடனே முடிவு கட்டிடாதீங்க. நானும் பல வருஷம் அந்த மாதிரி கமிட்டில உக்காந்தவன், எஞ்சினியரிங், அக்கவுண்டிங்னு எல்லா பேப்பரும் திரும்பிப் போறத பாத்திருக்கேன்.

அவங்க முதல்ல பாக்குறது மணிக்கணக்கு. நம்ம மலேசியாவுல ஒரு கிரெடிட்டுன்னா மாணவர் 40 மணி நேரம் படிக்கணும்னு கணக்கு, அப்ப உங்க பாடத்துக்கு 120 மணி. 14 வாரம், வாரத்துக்கு மூணு மணி கிளாஸ்னா 42தான் வருது, மீதி 78 மணி நேரம் பிள்ளைங்க என்ன செய்வாங்கன்னு எழுதிருக்கீங்களா? தோட்டத்துக்குப் போயி பாட்டிமார்கிட்ட அனுமதி கேட்டு பாட்ட ரெக்கார்ட் பண்றது, வந்து உக்காந்து வரி வரியா எழுதுறது, சொல்லுக்குச் சொல் அர்த்தம் தேடுறது, இதையெல்லாம் மணியோட போடுங்க, அப்பதான் படிக்கிறவங்களுக்கு உங்க பாடம் கண்ணு முன்னாடி தெரியும்.

அப்புறம் ‘மாணவர்கள் பாட்டின் அருமையை உணர்வர்’னு எழுதிருந்தா அதுக்கு எப்படி மார்க் போடுறதுன்னு கண்டிப்பா கேப்பாங்க. ‘ஒரு பாட்டைப் பதிவு செய்து, எழுதி, அதில் வரும் பால்மரம் வெட்டுற வேலையை விளக்குவர்’னு எழுதிப் பாருங்க, பரீட்சை, அசைன்மெண்ட் எல்லாம் அதுலருந்தே வந்துடும். நீங்க வேற இடம் போயிட்டா யாரு நடத்துவாங்க, வேற டிபார்ட்மெண்ட்ல இதே மாதிரி இருக்கா, இந்த ரெண்டும் கேப்பாங்க. உங்க மேல சந்தேகப்பட்டு கேக்குறது இல்ல, பாதியில பாடம் நின்னு போச்சுன்னா பிள்ளைங்கதான் மாட்டிக்குவாங்க. என்னோட முதல் பேப்பரும் இதனாலதான் திரும்பி வந்துச்சு, பக்கத்து டிபார்ட்மெண்ட்ல பாதி ஏற்கனவே இருந்தது எனக்குத் தெரியாது, கோவத்துல ஒரு வாரம் யாருகிட்டயும் பேசல, பிறகு அங்கிருந்த மூத்த அக்கா ஒருத்தவங்க கூப்பிட்டு உக்கார வச்சு ரெண்டு பேரும் சேர்ந்தே எழுதினோம், அந்தப் பாடம் ரொம்ப நல்லா வந்துச்சு.

கமிட்டி பக்கமும் தப்பு இருக்கு. ‘செமாக் செமூலா’ன்னு, அதாவது ‘மறுபடி சரிபார்க்கவும்’னு மலாய்ல ஒத்த வரில திருப்பி அனுப்புறது சரியே இல்ல. மினிட்ஸ்ல என்ன குறை எழுதிருக்காங்கன்னு தைரியமா கேளுங்க, அது உங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும். யூனிவர்சிட்டியோட மேல்மட்டக் கல்விக் குழுவான செனட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கமிட்டில ஒருத்தர்கிட்டயாவது நேர்ல பேசிடுங்க.

கேள்வி: மகளுக்கு ஒரு தனியார் காலேஜ்ல புது டிகிரி கோர்ஸ்ல இடம் கிடைச்சிருக்கு. தற்காலிக அங்கீகாரம்தான் இருக்குங்கிறாங்க. அரசாங்க யூனிவர்சிட்டியான யு.எஸ்.எம்ல படிக்கிற அண்ணன் மகனுக்கு இப்படியெல்லாம் யாரும் சொல்லலையே, பயமா இருக்கு.
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: பயப்படாதீங்கம்மா, புது கோர்ஸ்னா அப்படித்தான் ஆரம்பிக்கும். 2007ல வந்த எம்.கியூ.ஏ, அதாவது கோர்ஸுகளுக்கு அங்கீகாரம் கொடுக்குற மலேசியத் தகுதி நிறுவனம், முதல்ல திட்டத்த மட்டும் பாக்குது, அதாவது சிலபஸ், லெக்சரர், லேப் வசதி. டிகிரின்னா குறைஞ்சது 120 கிரெடிட் இருக்கணும். அது சரியா இருந்தா தற்காலிக அங்கீகாரம், முதல் பேட்ச் கடைசி வருஷத்துக்கு வந்ததும் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் முழு அங்கீகாரம். யு.எஸ்.எம் 2010லயே தன்னோட கோர்ஸுக்குத் தானே அங்கீகாரம் கொடுக்குற தகுதி வாங்கிடுச்சு, அதான் அங்க இந்தப் பேச்சு வரல.

ஆனா காலேஜ் வாயால சொல்றத மட்டும் நம்பாதீங்க. எம்.கியூ.ஏ வெப்சைட்ல தேடிப் பாருங்க, ஆஃபர் லெட்டர்ல இருக்கிற கோர்ஸ் பேரும் அங்க இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்னா இருக்கணும், எந்த கேம்பஸ்னும் பாக்கணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடியே பாருங்க.