நொண்டி நொண்டி வருவது நடிப்பா, வலியா?

கேள்வி: எங்கள் லேப்ரடார் ப்ரௌனிக்கு மூன்று வயது. நான்கு மாதத்துக்கு முன் இடது முன்னங்காலில் முள் குத்தி, ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. இப்போது நான் லேப்டாப்பைத் திறந்தாலோ போனில் பேசினாலோ நொண்டிக்கொண்டு வந்து நிற்கிறது. சங்கிலியைக் கையில் எடுத்தால் நாலுகால் பாய்ச்சல்! கண்டுகொள்ளாமல் இருந்தால் சாக்ஸைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. நடிக்கிறதா? எப்படி நிறுத்துவது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பழகிப்போன நொண்டலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் சங்கிலியைப் பார்த்ததும் ஓடுகிறது என்பதை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். வெளியே போகும் குஷியில் நிஜ வலியைக்கூட நாய் மறந்துவிடும். ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான்: வீட்டில் தாங்கித் தாங்கி நடந்த நாய், பதற்றத்தில் டாக்டர் முன்னால் ராணுவ நடை போடும்.

முதலில் பாதத்தைப் பாருங்கள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உடைந்த முள் முனை, இடுக்கில் ஒட்டிய உண்ணி, வீக்கம், பிளந்த நகம், சுடுதாரில் வெந்த பாதம் என்று அங்கே பல காரணங்கள் ஒளிந்திருக்கும். பிறகு மணிக்கட்டையும் முழங்கையையும் வலது காலோடு ஒப்பிட்டு மெதுவாக மடக்கி நீட்டுங்கள். லேப்ரடாருக்கு முழங்கை மூட்டுக் கோளாறு வருவது சகஜம்.

அடுத்தது வீடியோ. பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டு, எல்லோரும் ஒரு மணி நேரம் வெளியே போய் வாருங்கள். தூங்கி எழுந்ததும் வைக்கும் முதல் பத்து அடிதான் முக்கியம். மூட்டு வலி இருந்தால் அங்கே தெரிந்துவிடும். முன்னங்கால் வலிக்கும் நாய், அந்தக் காலை ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். ஆளில்லாத வீட்டிலும் தலை இப்படி ஆடினால் அது வலிதான். டாக்டரிடம் போகும்போது அந்த வீடியோவையும் எடுத்துப் போங்கள். "நேற்று இடது கால், இன்று வலது கால், அதனால் பொய்" என்றும் முடிவு கட்ட வேண்டாம். உண்ணிக் காய்ச்சலில் நொண்டல் கால் மாறி மாறி வரும். சோர்வு, பசியின்மை, காய்ச்சல் சேர்ந்திருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். நாம் போடும் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால், இப்யூபுரோஃபன் இரண்டுமே நாய்க்கு ஆபத்து.

டாக்டரும் காலில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால், முள் குத்திய அந்த வாரத்தை நினைத்துப் பாருங்கள். "ஐயோ கண்ணு, என்னாச்சு?" என்று எத்தனை பேர் காலைத் தடவியிருப்பீர்கள்! காலைத் தூக்கினால் வேலையை விட்டுவிட்டு ஆள் வரும் என்று ப்ரௌனிக்குப் புரிந்துவிட்டது. இதைத் திருட்டுத்தனம் என்று சொல்ல முடியாது. ஆள் பார்த்து நடந்துகொள்ளும் சாமர்த்தியம் நாய்க்கு உண்டு என்பது மட்டும் உண்மை. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தில் 24 நாய்களை வைத்துச் செய்து 2017-ல் வெளியான ஆய்வில், மனிதர் தம்மைப் பார்க்கும்போதுதான் அவை புருவத்தைத் தூக்குவது போன்ற முகபாவங்களை அதிகம் காட்டின. தீனியைக் காட்டியதால் அது கூடவில்லை. அவற்றுக்கு வேண்டியது பார்வையாளர்.

அதனால் திட்டுவதும் ப்ரௌனிக்குச் சம்பளம்தான். நீங்கள் பார்த்தீர்கள், பேசினீர்கள், எழுந்து வந்தீர்கள், கணக்கு நேர். வெறுமனே அலட்சியம் செய்தாலும் போதாது, ஏனென்றால் அதன் தேவை அப்படியே இருக்கிறது. நொண்டல் தொடங்கும் முன்பே வேறு வேலைக்குச் சம்பளம் கொடுத்துவிட வேண்டும்.

வேலைக்கு உட்காரும் முன் இருபது நிமிடம் மோப்பம் பிடித்தபடி நடக்க விடுங்கள். காலைத் தீனியில் பாதியைப் பழைய துண்டில் சுருட்டிக் கொடுத்தால் பிரித்துத் தின்னவே நேரமாகும். பிறகு மேஜையிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு பாய் போடுங்கள். உப்பு, வெங்காயம் சேர்க்காமல் வேகவைத்த கோழியைக் கொண்டைக்கடலை அளவில் முப்பது துண்டு நறுக்கி, அந்த அளவைச் சாப்பாட்டில் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நாள் லேப்டாப்பே வேண்டாம்: பாயில் கால் வைத்தால் ஒரு துண்டு, படுத்தால் இரண்டு. கையில் கொடுக்காமல் பாயின் மேலேயே வையுங்கள். கொடுத்தால் கையைத் தேடி எழுந்து வரும். தடவைக்கு மூன்று நிமிடம், நாளைக்கு இரண்டு தடவை போதும். நான்காம் நாள் லேப்டாப்பைத் திறந்து மூடி ஒரு துண்டு. பின்னர் பத்து விநாடி, அரை நிமிடம், மறுபடி பத்து, அப்புறம் இரண்டு நிமிடம் என்று ஏற்றி இறக்குங்கள். நேர்க்கோட்டில் ஏற்றினால் சலித்து எழுந்துவிடும். உங்கள் ரிங்டோனையும் ஒலிக்கவிட்டுப் பாயில் துண்டு போட்டால், சில நாளில் மணி அடித்ததும் ப்ரௌனி தானே பாய்க்குப் போகும்.

பலர் சறுக்குவது இங்கேதான். நொண்டி வந்து, பிறகு பாயில் படுத்த உடனே துண்டு கொடுத்தால், "நொண்டு, படு, வாங்கு" என்று புது நாடகத்தையே கற்றுக்கொள்ளும். அப்படி வந்தால் பார்க்காதீர்கள், பேசாதீர்கள். பாயில் அமைதியாக இருபது விநாடி கழிந்த பிறகே கொடுங்கள்.

கண்டுகொள்ளாமல் விட்ட முதல் சில நாள் நொண்டலும் குரைப்பும் கூடும். அப்போது மனமிளகி ஒருமுறை கொஞ்சிவிட்டால், "இன்னும் சத்தமாகக் கேட்டால் கிடைக்கும்" என்று பதிந்துவிடும். பாட்டி ரகசியமாகப் போடும் பிஸ்கட்டும் இந்தக் கணக்கில் சேரும்.

சாக்ஸ் விஷயத்தில் துரத்தவே கூடாது. துரத்தல்தான் அதற்கு விளையாட்டு. கோழித்துண்டை நான்கைந்தாகத் தரையில் தூவுங்கள், வாய் திறக்கும், நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். அழுக்குக்கூடைக்கு மூடி போடுங்கள். துரத்தலுக்குப் பயந்து சாக்ஸை விழுங்கிவிட்ட நாய்கள் உண்டு. வாந்தி, சாப்பிட மறுப்பு, மலம் வராமல் முக்குவது தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை போங்கள்.

நொண்டல் பலிக்காமல் போனால் ப்ரௌனி அடுத்து வாசற்கதவைப் பிறாண்டிப் பார்க்கக்கூடும். சிறுநீருக்காகவும் இருக்கலாம் என்பதால் அலட்சியம் வேண்டாம். சங்கிலி போட்டு, தினமும் போகும் அதே இடத்தில் மூன்று நிமிடம் பேசாமல் நில்லுங்கள். போனால் பாராட்டு, போகாவிட்டால் விளையாட்டு இல்லாமல் நேரே உள்ளே.