வீட்டிலிருந்து வேலை செய்பவர் பின்தங்கினால் முதலில் தேதிகளைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் ஜிஎஸ்டி கணக்கு பார்த்துத் தரும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். தேனியில் வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர் நன்றாகச் செய்துவந்தவர். மூன்று மாதமாக ரிட்டர்ன்கள் கடைசி நேரத்தில்தான் போகின்றன, பிழைகளும் அதிகம். கண்காணிப்பு மென்பொருள் போடலாமா, வேலையை விட்டே நீக்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். அந்த மென்பொருள் மவுஸ் அசைவதைத்தான் எண்ணும். பில் சரியாக ஏறியதா என்பது அதற்குத் தெரியாது.

அவர் பார்க்கும் வாடிக்கையாளர்களில் பத்துப் பேரை எடுத்து, மூன்று மாதத்துக்கும் மூன்று தேதிகளை எழுதுங்கள்: பில் வந்தது, என்ட்ரி முடிந்தது, தாக்கல் செய்தது. பில் 3ஆம் தேதி வந்தும் என்ட்ரி 10இல் முடிந்திருந்தால் தாமதம் அவரிடம். பில்லே 9ஆம் தேதிதான் வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், வாடிக்கையாளரை விரட்ட ஆள் இல்லை என்று பொருள். அலுவலகத்தில் இருந்தால் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லி போன் போட வைத்திருப்பார், வீட்டில் காத்துக்கொண்டிருப்பார். டேலி கணக்கு மென்பொருளை ரிமோட்டில் திறக்கிறார் என்றால் இணைப்பின் வேகத்தையும் சோதியுங்கள்.

பிறகு அந்தத் தாளை வைத்து, வீடியோ காலில் தனியாக அரை மணி நேரம் பேசுங்கள். குரூப்பில் கேட்காதீர்கள். எல்லோர் முன்பும் கேட்டால் ‘சரி சார்’ என்பார், காரணம் வெளியே வராது. உடல்நலமோ வீட்டுச் சூழலோ மாறியிருந்தால் அதுவும் தனிப் பேச்சில்தான் தெரியும்.

பேசியதை அன்றே மின்னஞ்சலில் அனுப்புங்கள். மாதத் தாக்கல் என்பதால் இரண்டு மாதம் அவகாசம் கொடுங்கள். ஒரு மாதத்தை வைத்து முடிவு செய்வது நியாயமில்லை. விற்பனை விவர ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11 என்பதால் விற்பனை என்ட்ரி 7க்குள், சரிபார்ப்பு 9க்குள். 14ஆம் தேதி 2பி (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களின் பட்டியல்) வந்ததும் கொள்முதல் பில்களோடு ஒப்பிட்டு 17க்குள் முடித்தால், 20ஆம் தேதி 3பி (வரி கட்டும் மாத ரிட்டர்ன்) நெருக்கடியில்லாமல் போகும். தினமும் காலையில் பத்து நிமிடம் போனில் பேசுங்கள். மாலையில் முடித்த வாடிக்கையாளர் பெயர்களை மட்டும் அவர் அனுப்பட்டும்.

பிழைகளுக்கு, தாக்கலுக்கு முன் சீனியர் ஒருவர் இருபது பில்களைப் பார்க்கட்டும்: ஜிஎஸ்டி எண், வரி விகிதம், ஐஜிஎஸ்டி (வெளிமாநில விற்பனைக்கான வரி) போட வேண்டிய இடத்தில் மாநில வரி போட்டிருக்கிறதா. எண் தவறினால் வாங்கியவரின் 2பியில் அந்த பில் வராது, அவருக்கு உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டிய வரியின் கழிவு, கிடைக்காது. வாடிக்கையாளரை இழப்பது பெரும்பாலும் இதில்தான்.

அப்படியும் சரியாகவில்லை என்றால், தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947, பிரிவு 41ஐப் பாருங்கள். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை நீக்க நியாயமான காரணமும், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளமும் வேண்டும். அந்த மின்னஞ்சல்களும் தேதிப் பட்டியலும்தான் காரணத்துக்கு ஆதாரம். வாடிக்கையாளர்களின் போர்ட்டல் பாஸ்வேர்டுகளை அவரது கடைசி நாளிலேயே மாற்றிவிடுங்கள்.