புதிதாகப் போட்ட சாலையைத் தோண்டுவதை கவுன்சில் தடுக்காதா?

இங்கிலாந்தில் தார் போட்டு மூன்று மாதம்கூட ஆகாத தெருவைக் குடிநீர் நிறுவனம் தோண்டுகிறதே, கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) தடுக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழுக்கத் தடுக்க முடியாது. தண்ணீர், கேஸ், மின்சாரம், தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குத் தெருவைத் தோண்டும் உரிமையைச் சட்டமே தருகிறது. எப்போது, எப்படி என்பதில்தான் கவுன்சிலுக்குப் பிடி. 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய மராமத்து நடந்த சாலையைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தோண்டக் கூடாது என்று கவுன்சில் தடை போடலாம். ஆனால் குழாய் வெடித்தாலோ கேஸ் கசிந்தாலோ அந்தத் தடை நிற்காது. முதலில் தோண்டலாம், அப்புறம் அனுமதி கேட்கலாம். உங்கள் தெருவில் நடந்தது அநேகமாக இதுதான்.

மற்ற வேலைகளுக்கு முன்கூட்டியே பர்மிட் வாங்க வேண்டும். சொன்ன நாளைத் தாண்டினால் தினசரிக் கட்டணம் விழும்.

பலருக்கும் தெரியாத சங்கதி ஒன்று: தோண்டிய குழியை மூடுவதும் நிறுவனத்தின் வேலைதான். அந்த ஒட்டு குறைந்தது இரண்டு ஆண்டு தாங்க வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் என்றால் மூன்று ஆண்டு. நீள்சதுர ஒட்டு அமுங்கி, சைக்கிள் சக்கரம் 'டொக்'கென்று இறங்குகிறதா? ஓரத்தில் மழைநீர் தேங்குகிறதா? சரி, ஒரு படம் எடுத்து கவுன்சிலுக்கு அனுப்புங்கள். கெடு முடியாதிருந்தால் நிறுவனம் தன் செலவிலேயே திரும்பப் போட்டுத்தர வேண்டும்.