நீலகிரியில் நான்கு நாள் சைக்கிள் பயணம்: எந்த வழியில் ஏறுவது, சைக்கிளில் என்ன மாற்ற வேண்டும்?

நீலகிரியில் நான்கு நாள் சைக்கிள் ஓட்ட எந்த வழியில் ஏறுவது, சைக்கிளில் என்ன மாற்றுவது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சமவெளியில் ஒரே மூச்சில் 60, 70 கி.மீ. ஓட்டுபவர். ரோடு பைக் (மெல்லிய டயர் வைத்த கியர் சைக்கிள்) இருக்கிறது, மலை ஏறிய பழக்கம் இல்லை, பிப்ரவரியில் போக எண்ணம். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில், ஊட்டியில் அறை போடாதீர்கள். கோத்தகிரியில் தங்குங்கள். ஊட்டியைச் சுற்றி வண்டிப் புகையும் ஹாரனும்தான் மிச்சம். கோத்தகிரியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைத் தோட்டச் சாலை. உயரமும் சுமார் 1,800 மீட்டர்தான் என்பதால் 2,240 மீட்டர் ஊட்டி அளவுக்கு இரவில் குளிர் வாட்டாது.

மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் வழி இரண்டாகப் பிரியும். நேரே போவது கல்லாறு, பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டி போகும் தேசிய நெடுஞ்சாலை. 14 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தும் லாரியும் சுற்றுலா வேனும் அதில்தான் ஏறும். வலப்பக்கம் பிரியும் கோத்தகிரி சாலை 33 கி.மீ. மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மொத்த ஏற்றம் 1,500 மீட்டரை ஒட்டி வரும். முதல் சில கி.மீ. சமதளம், பிறகு சராசரி 5 விழுக்காடு சரிவு, அதாவது 100 மீட்டருக்கு 5 மீட்டர் ஏற்றம். திடீரென்று செங்குத்தாகாது என்பதுதான் இந்தச் சாலையின் நல்ல குணம். முதல்முறை ஏறுபவருக்கு இதைவிட நல்ல பாதை தமிழ்நாட்டில் இல்லை என்பது என் கருத்து. ஒரு எச்சரிக்கை: ஏப்ரல், மே சீசனில் ஒருவழி முறை கொண்டுவந்து, குன்னூர் வழியே ஏற்றி கோத்தகிரி வழியே இறக்குவார்கள். அப்போது எதிரே வரும் வண்டி வரிசையில் மாட்டிக்கொள்வீர்கள்.

இனி கியர். ரோடு பைக்கில் பெரும்பாலும் முன்னால் 50, 34 பல் கொண்ட இரண்டு சக்கரங்கள், பின்னால் 11 முதல் 28 பல் வரையிலான சக்கர அடுக்கு (காசெட்) இருக்கும். முன்னால் 34, பின்னால் 28 போட்டால் ஒரு மிதிக்கு, அதாவது பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு, சுமார் இரண்டரை மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 மிதி போட்டால் 9 கி.மீ. வேகம். ஒரு மணி நேரம் தாங்கும். மூன்றாவது மணியில் மிதி வேகம் 45க்கு இறங்கி, முழங்கால்தான் எடையைச் சுமக்கும். காலில் பலம் போதவில்லை என்று பலரும் நினைப்பது பெரும்பாலும் கியர் போதாத சமாச்சாரம். 11-34 காசெட் போட்டால் அதே 60 மிதிக்கு ஏழரை கி.மீ. வேகத்தில் உட்கார்ந்தபடியே ஏறலாம். காசெட்டை மட்டும் மாற்றிவிட்டு வராதீர்கள். பின் டிரெய்லியர் (செயினைப் பல் சக்கரம் மாற்றும் கருவி) ஷார்ட் கேஜாக, அதாவது அதன் செயின் பிடிக்கும் கை குட்டையாக, இருந்தால் 34 பல்லுக்கு எட்டாது. மீடியம் கேஜ் வேண்டும், செயினும் நீளமாக வேண்டும். பழைய செயினை அப்படியே விட்டுவிட்டு முன்னால் 50, பின்னால் 34 என்று ஒருமுறை தவறிப் போட்டாலே டிரெய்லியர் பிய்ந்துவிடும். டயர் அகலம் 28 அல்லது 32 மி.மீ. நல்லது.

ஏறும் அன்று காலை ஆறரை மணிக்கு, வெளிச்சம் வந்ததும் மேட்டுப்பாளையத்தை விட்டுவிடுங்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், அரை மணிக்கு ஒருமுறை வாழைப்பழமோ கடலைமிட்டாயோ. பசித்த பிறகு சாப்பிட்டால் ஏற்றத்தில் அது உடனே வேலைக்கு ஆகாது. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு, சாலையோரக் குடிநீர் ஏடிஎம்மில் உங்கள் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். பாதி வழியில் வரும் குஞ்சப்பனையில் பலாச் சீசனில் யானை சாலைக்கே வந்து நிற்கும். பிப்ரவரியில் அந்தத் தொல்லை குறைவு, இருந்தாலும் இருட்டில் அங்கே இருக்கக் கூடாது.

இரண்டாம் நாள் கோடநாடு காட்சிமுனை, போக வர 36 கி.மீ. மூன்றாம் நாள் கட்டபெட்டு வழியே தொட்டபெட்டா பிரிவு வரை ஏறி ஊட்டிக்கு இறங்கி, லவ்டேல், கேத்தி பாலாடா என்று உள்சாலையில் குன்னூர் போய், அங்கிருந்து கோத்தகிரி. பாலாடாவில் கேரட் கழுவும் இடங்களிலிருந்து ஈர மூட்டையோடு வரும் லாரிகள் சேற்றுத் தண்ணீரைச் சாலையில் சொட்டிக்கொண்டே போகும். அந்த வளைவுகளில் வண்டியைச் சாய்க்காதீர்கள். நான்காம் நாள் இறக்கம்.

இறக்கத்தில்தான் ஆபத்து அதிகம். ரிம் பிரேக்கை (சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்) விடாமல் லேசாகப் பிடித்தபடி இறங்கினால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். டிஸ்க் பிரேக்கில் பேட் கருகி, பிடிப்பு போய்விடும். நேர்ச்சாலையில் இரண்டு பிரேக்கையும் சில வினாடி அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், முழுக்க விடுங்கள், மறுபடி பிடியுங்கள். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகம் குறைந்திருக்க வேண்டும். கொண்டை ஊசியில் பேருந்து திரும்பும்போது முன்பக்கம் அகலமாக வெளியே போகும். பின் சக்கரம் உள் ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொண்டு வரும். உள்பக்கம் இடம் இருப்பதுபோல் தெரியும், அங்கே நுழையவே கூடாது. ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு வளைவுக்கு மேலேயே நின்றுவிடுங்கள். கிளம்புமுன் வியர்வை ஊறிய பனியனை மாற்றி, விண்ட்சீட்டர் போட்டு, முழுவிரல் கையுறை மாட்டுங்கள். விரல் விறைத்தால் பிரேக் பிடிக்க முடியாது.

மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி சாலையில் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 36 கொண்டை ஊசிகள், சில இடங்களில் சரிவு 15 விழுக்காட்டைத் தாண்டும். 2008 முதல் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் என்ற கூட்டு சைக்கிள் பயணத்தில் பெயர்போன ஏற்றம் அதுதான், ஆனால் அங்கே துணை வண்டியும் ஆட்களும் கூடவே வருவார்கள். தனியாகப் போனால் மசினகுடிப் பக்கம் யானை, காட்டெருமை நடமாடும் காடு. இந்த முறை வேண்டாம். காரமடையிலிருந்து போகும் மஞ்சூர் ஏற்றமும் 43 வளைவு, கெத்தைப் பக்கம் யானைக்காடு; அதற்கும் இதே பதில்தான்.

கோத்தகிரியிலும் அந்தி சாய்ந்த பிறகு தேயிலைக்குள்ளிருந்து காட்டெருமையும் கரடியும் வரும், ஐந்தரை மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். துணைக்குக் கார் வந்தால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். கியர் சைக்கிள் பாகங்கள் மேலே கிடைக்கும் என்று நம்பாதீர்கள்: டியூப் இரண்டு, பிரேக் பேட் ஒரு ஜோடி, செயின் குயிக் லிங்க் (அறுந்த செயினைச் சேர்க்கும் கண்ணி), உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்தும் டிரெய்லியர் ஹேங்கர் (டிரெய்லியரை ஃபிரேமில் மாட்டும் துண்டு), எல்லாம் கோவையிலேயே வாங்கிவிடுங்கள். ஹேங்கர் மாடலுக்கு மாடல் வேறு. பழையதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.