வெளிநாட்டுப் பயணமும் மாறிக்கொண்டே இருக்கும் கொரோனா விதிகளும்: வேலூர் வட்டாரக் கேள்வி பதில்

வேலூரில் டிக்கெட், விசா வேலை பார்க்கிறேன். வாணியம்பாடி முதல் அரக்கோணம் வரை, பழைய வட ஆற்காடு முழுக்க ஆட்கள் கேட்ட கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றை எடுத்துப் பதில் சொல்கிறேன். எல்லாம் 2022 மார்ச் 6, ஞாயிறு மாலை நிலவரம். அடுத்த வாரம் படிக்கிறவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள், அப்புறம் பதிலைப் பாருங்கள். இந்தப் பத்துப் பதினைந்து நாளில் மட்டும் துபாயும் சவுதியும் விதியைத் தலைகீழாக மாற்றிவிட்டன.

வாணியம்பாடி: அண்ணா, தம்பி வியாழக்கிழமை துபாய் போகிறான். இரண்டு டோஸ் கோவிஷீல்டு போட்டிருக்கிறான். விமான நிலையத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே போய் ராபிட் டெஸ்ட் எடுக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கட்டு என்று ஒருவர் கேட்கிறார். இன்னும் அது இருக்கிறதா?

இல்லை பாய், பணம் கட்டாதீர்கள். துபாய்க்கு விமான நிலையத்தில் எடுக்கும் அந்த ராபிட் பிசிஆர் டெஸ்ட் பிப்ரவரி 22-லேயே போய்விட்டது. பிப்ரவரி 26 முதல், இரண்டு டோஸ் போட்டு கியூஆர் கோடு உள்ள சான்றிதழ் வைத்திருப்பவருக்கு 48 மணி நேர பிசிஆரும் தேவையில்லை. ஊசி போடாதவர் என்றால்தான் 48 மணி நேரத்துக்குள் எடுத்த பிசிஆர் வேண்டும், அல்லது கடந்த ஒரு மாதத்துக்குள் கொரோனா வந்து குணமானதற்கான சான்று வேண்டும். அதிலும் கியூஆர் கோடு இருக்க வேண்டும்.

அந்த கியூஆர் கோடு விஷயத்தில் ஒன்று. சான்றிதழை நான்காக மடித்து பர்ஸில் வைக்கிறார்கள். மடிப்பு சரியாக அந்தக் கறுப்புக் கட்டத்தின் மேல் விழுந்து, மை உதிர்ந்து வெள்ளைக் கோடு போட்டுவிடுகிறது. கவுண்டரில் எத்தனை தடவை காட்டினாலும் ஸ்கேன் ஆகாது. புதிதாக ஒரு பிரிண்ட் எடுத்து மடிக்காமல் ஃபைலில் வைக்கச் சொல்லுங்கள். லேமினேஷன் வேண்டாம், மேலே விளக்கு வெளிச்சம் பட்டால் பளபளத்து அதுவும் சிக்கலாகும். செல்போனில் பிடிஎஃப் ஒன்று இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வந்த மங்கலான போட்டோவை நம்பவே வேண்டாம்.

குடியாத்தம்: தடுப்பூசிச் சான்றிதழில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். டெஸ்ட்டில் மாட்டுகிறவர்களைவிட இதில் மாட்டுகிறவர்கள் அதிகம். நம் பக்கத்தில் யாருக்கும் குடும்பப் பெயர் கிடையாது. முகாமில் வரிசையில் நிற்கும்போது ஆதாரைப் பார்த்து ‘எம் குமார்’ என்று அடித்திருப்பார்கள். பாஸ்போர்ட்டில் ‘குமார் முனுசாமி’ என்று இருக்கும். நமக்கு இரண்டும் ஒரே ஆள். பிராங்க்பர்ட்டில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இரண்டு ஆள்.

கோவின் தளத்தில் உங்கள் கணக்கைத் திறந்தால் ‘ரெய்ஸ் அன் இஷ்யூ’ என்று இருக்கும். அங்கே பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்கலாம், பெயரையும் திருத்தலாம். திருத்தம் ஒரே ஒரு தடவைதான் அனுமதி. அதனால் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து அடியுங்கள். அவசரத்தில் பேரனிடம் போனைக் கொடுத்து முடிக்கச் சொல்லாதீர்கள். திருத்திய பிறகு ‘சர்வதேசப் பயணச் சான்றிதழ்’ என்று தனியாக ஒன்று இறக்கிக்கொள்ளலாம். சாதாரணச் சான்றிதழில் வயதுதான் இருக்கும். இதில் பிறந்த தேதி முழுதாக இருக்கும், பாஸ்போர்ட் எண்ணும் இருக்கும். போன வருடம் செப்டம்பர், அக்டோபரில் பிரிட்டன் நம் சான்றிதழை ஏற்காமல் இழுத்தடித்த பிறகு வந்த வசதி இது. வெளிநாடு போகிறவர் எல்லோரும் இதைத்தான் எடுக்க வேண்டும்.

காட்பாடி: மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அதிகாலை 1.30-க்குச் சென்னையிலிருந்து விமானம், துபாயில் மாறுகிறேன். அமெரிக்காவுக்கு ‘ஒரு நாள் முன்பு’ டெஸ்ட் என்கிறார்கள். 24 மணி நேரக் கணக்கா? எந்த விமானத்திலிருந்து எண்ண வேண்டும்?

அம்மா, முதலில் கிழமையைச் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் இது ‘திங்கட்கிழமை ராத்திரி விமானம்’. டிக்கெட்டில் செவ்வாய். இந்தக் குழப்பத்தில் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து நிற்பவர்கள் உண்டு. அது செல்லாது.

அமெரிக்கா மணிக்கணக்கு பார்ப்பதில்லை, தேதிக்கணக்கு பார்க்கிறது. செவ்வாய் புறப்பாடு என்றால் திங்கள் காலை எழுந்து ஏழு மணிக்குச் சாம்பிள் கொடுத்தாலும் சரி, சாயங்காலம் கொடுத்தாலும் சரி. கணக்கில் வருவது சாம்பிள் எடுத்த நேரம். ரிப்போர்ட் கையில் வந்த நேரம் இல்லை. ரிப்போர்ட்டில் அந்த நேரம் அச்சாகி இருக்கிறதா என்று லேப் வாசலிலேயே பாருங்கள்.

இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆரில் இருந்து, துபாயில் காத்திருப்பு 24 மணி நேரத்துக்கு மேல் போகாவிட்டால் சென்னையிலிருந்து கிளம்பும் முதல் விமானத்தை வைத்தே எண்ணலாம். மலிவாகக் கிடைத்தது என்று தனித்தனியாக இரண்டு டிக்கெட் போட்டிருந்தால் இந்தச் சலுகை இல்லை. அப்புறம், அமெரிக்காவுக்குச் சீக்கிரம் முடிவு வரும் ஆன்டிஜென் டெஸ்ட்டும் செல்லும். பிசிஆர் முடிவு ராத்திரிக்குள் வருமா என்று தவிப்பதைவிட உங்களைப் போல ஒரே நாள் அவகாசம் உள்ளவர்களுக்கு அதுவே நல்லது. கடையில் வாங்கி வீட்டில் நீங்களே எடுத்துக்கொள்ளும் கிட் மட்டும் செல்லாது.

மேல்விஷாரம்: சவுதியில் ஐந்து நாள் ஹோட்டல் தனிமைக்குப் பணம் கட்டிவிட்டேன். நேற்று ராத்திரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள் என்று செய்தி. உண்மையா?

உண்மைதான் பாய். நேற்று, மார்ச் 5-ல் வந்த அறிவிப்பு: வந்து இறங்குகிறவருக்கு பிசிஆர் வேண்டாம், ஹோட்டல் தனிமையும் வீட்டுத் தனிமையும் இல்லை. விசிட் விசாவில் போகிறவருக்குக் கொரோனா சிகிச்சைச் செலவை ஏற்கும் காப்பீடு மட்டும் வேண்டும். போன வருடம் நம் ஆட்கள் மாலத்தீவிலும் நேபாளத்திலும் 14 நாள் உட்கார்ந்து, கடன் வாங்கிச் செலவழித்துச் சவுதிக்குள் போனார்கள். டிசம்பர் 1 முதல் நேராகப் போகலாம், ஐந்து நாள் தனிமை என்றானது. இப்போது அதுவும் இல்லை.

ஹோட்டல் பணத்தை யார் வாங்கினார்களோ அவர்களிடமே எழுத்தில் கேளுங்கள். போனில் ‘பார்க்கலாம்’ என்பார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இன்னொன்று: அறிவிப்பு வந்த முதல் ஓரிரண்டு நாள் விமான நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் பழைய விதியே இருக்கலாம். உங்கள் விமானம் நாளை என்றால் ஹோட்டல் ரசீதைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள்.

ராணிப்பேட்டை: தோல் ஏற்றுமதி செய்கிறேன், வயது 48. இந்த மாதம் இத்தாலி, அடுத்து எத்தியோப்பியா. இரண்டாவது டோஸ் போன வருடம் மே மாதம் போட்டது. சிக்கல் இருக்கிறதா?

இருக்கிறது சார். ஐரோப்பாவில் இப்போது இரண்டாவது டோஸ் போட்டு 270 நாளுக்குமேல் ஆனால் சான்றிதழ் காலாவதி என்று எண்ணுகிறார்கள். மே மாதத்திலிருந்து எண்ணினால் உங்களுக்குத் தாண்டிவிட்டது. மூன்றாவது ஊசி போடலாம் என்றால், இந்தியாவில் அது சுகாதாரப் பணியாளர், முன்களப் பணியாளர், 60 வயதைத் தாண்டி இணைநோயும் உள்ளவர்களுக்குத்தான். காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் 48 வயதுக்காரருக்குப் போட மாட்டார்கள். அவர்கள் கேட்பது இங்கே கிடைக்காது. இங்கே இருப்பது அங்கே செல்லாது. இந்தக் கூத்தில் உங்களைப் போல நிறையப் பேர் நிற்கிறார்கள்.

நல்ல வேளையாக இத்தாலி மார்ச் 1 முதல் மூன்றில் ஒன்று போதும் என்கிறது: செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்று, குணமான சான்று, அல்லது நெகட்டிவ் ரிசல்ட். நீங்கள் மூன்றாவது வழியில் போங்கள். பிசிஆர் என்றால் 72 மணி நேரம், ஆன்டிஜென் என்றால் 48 மணி நேரம். பயணி விவரப் படிவத்தையும் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். உள்ளே போன பிறகு ஹோட்டலிலும் ரயிலிலும் கேட்கும் பச்சை பாஸ் என்ற கொரோனாச் சான்றுக்கு வேறு விதி, அதையும் உங்கள் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பயணத்தில் ஜெர்மனியையும் சேர்த்தால் அதன் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும். கோவாக்சின் போட்டவருக்கு அது இன்னும் திறக்கவில்லை.

எத்தியோப்பியாவுக்குக் கொரோனாவை விடுங்கள், மஞ்சள் காய்ச்சல் ஊசியை மறக்காதீர்கள். கொரோனாவுக்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ள விதி இது: அந்த ஊசி இல்லாமல் அங்கே போய்விட்டுத் திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். ஊசி போட்டதற்குச் சான்றான மஞ்சள் அட்டை பத்து நாள் கழித்துத்தான் செல்லும், அப்புறம் ஆயுசுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். இத்தாலிக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

ஆரணி: அப்பா ஷார்ஜாவிலிருந்து வருகிறார். ஊசி அங்கேதான் போட்டார். டெஸ்ட் வேண்டுமா? வீட்டில் பாட்டி இருக்கிறார், ஏழு நாள் மாடி ரூமில் வைக்க வேண்டுமா?

டெஸ்ட் வேண்டும். பிப்ரவரி 14 முதல் இந்தியா வருகிறவர், தடுப்பூசிச் சான்றையோ 72 மணி நேர பிசிஆரையோ ஏர் சுவிதா என்ற அரசு இணையதளப் படிவத்தில் ஏற்றினால் போதும். எந்தெந்த நாட்டுச் சான்று செல்லும் என்று இந்தியா வெளியிட்ட 82 நாடுகளின் பட்டியலில் ஐக்கிய அரபு அமீரகம் இல்லை. இந்தியாவில் ஊசி போட்டவர் கோவின் சான்றைக் காட்டலாம். உங்கள் அப்பா அங்கே போட்டதால் பிசிஆர் எடுத்துத்தான் வர வேண்டும். கடந்த 14 நாள் எங்கெல்லாம் இருந்தார் என்பதையும் அந்தப் படிவத்தில் எழுத வேண்டும்.

ஏழு நாள் வீட்டுத் தனிமையும் எட்டாம் நாள் டெஸ்ட்டும் ஜனவரி விதி. அது பிப்ரவரி 14-ல் போய்விட்டது. இப்போது 14 நாள் தன்னைத்தானே கவனித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இறங்குகிறவர்களில் 2 சதவீதம் பேரை மட்டும் பொறுக்கி எடுத்து டெஸ்ட் செய்கிறார்கள். சாம்பிள் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். பாட்டிக்காக நாலைந்து நாள் அவர் மாடியில் படுத்தால் நல்லதுதான். அது உங்கள் வீட்டு விருப்பம், சட்டம் கேட்கவில்லை. யாரும் வந்து கதவில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள்.

திருப்பத்தூர்: அக்கா மகன் உக்ரைனில் மருத்துவம் படிக்கிறான். ருமேனியா எல்லையைத் தாண்டிவிட்டான். கையில் டெஸ்ட் ரிப்போர்ட் எதுவும் இல்லை, ஊசியும் ஒன்றுதான்.

கவலைப்படாதீர்கள். பிப்ரவரி 28-ல் மத்திய சுகாதாரத் துறை இவர்களுக்கென்றே விலக்கு கொடுத்துவிட்டது. ரிப்போர்ட்டோ முழுத் தடுப்பூசியோ இல்லாவிட்டால் ஏர் சுவிதாவில் எதுவும் ஏற்ற வேண்டாம். இங்கே இறங்கிச் சாம்பிள் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து 14 நாள் கவனித்துக்கொண்டால் போதும். பாஸ்போர்ட்டை மட்டும் உடம்போடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வாலாஜா: ஜனவரியில் கொரோனா வந்து குணமாகிவிட்டது. இப்போது எடுத்தாலும் பிசிஆர் பாசிட்டிவ் என்றே வருகிறது. டிக்கெட் போட்டாயிற்று.

உயிருள்ள கிருமியா, செத்த கிருமியின் துணுக்கா என்று பிசிஆர் பிரித்துப் பார்க்காது. சிலருக்குக் குணமாகி வாரக்கணக்கில் அப்படியே காட்டும். அதனால்தான் நம் ஊரில் வீட்டுத் தனிமை முடிக்க மறுபடி டெஸ்ட் கேட்பதில்லை: பாசிட்டிவ் ஆகி ஏழு நாள், கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லை என்றால் முடிந்தது. தினம் ஒரு லேப் ஏறி இறங்கிக் காசைக் கரைக்காதீர்கள். போகிற நாடு எது என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்கா என்றால் 90 நாளுக்குள் வந்த பாசிட்டிவ் ரிப்போர்ட்டும், பயணம் செய்யலாம் என்று டாக்டர் கொடுத்த கடிதமும் டெஸ்ட்டுக்குப் பதிலாகச் செல்லும். ஆகவே பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். பிசிஆர் மட்டும்தான் என்று பிடிவாதமாகக் கேட்கும் நாடு என்றால் தேதியைத் தள்ளிப்போடுவதுதான் வழி.

பெயரும் ஊரும் போடாமல் ஒருவர்: மூக்கில் குச்சி விடாமலேயே நெகட்டிவ் ரிப்போர்ட் கொடுக்கும் இடம் இருக்கிறதாமே?

என்னிடம் கேட்காதீர்கள். ஏர் சுவிதாவில், ரிப்போர்ட் பொய் என்றால் என் மேல் கிரிமினல் வழக்குப் போடலாம் என்று நீங்களே ஒப்புதல் கொடுக்கிறீர்கள். படித்துப் பார்க்காமல் டிக் அடிக்கும் அந்த வரியில்தான் அது இருக்கிறது.

வேலூர் காந்தி ரோடு: லாட்ஜ் வைத்திருக்கிறேன். சிஎம்சிக்கு வங்கதேசத்திலிருந்து வரும் நோயாளிகளை எத்தனை நாள் தனியாக வைக்க வேண்டும்?

தரைவழியாக வருகிறவருக்கும் விமானத்தில் வருகிறவருக்கும் ஒரே விதிதான்; ஆன்லைன் பதிவு மட்டும் எல்லையில் கிடையாது. கட்டாயத் தனிமை இல்லை. காய்ச்சல், இருமல் என்றால் 104-க்குச் சொல்லுங்கள். இதில் கவனமாக இருந்துவிட்டு, வெளிநாட்டவர் தங்கியிருப்பதை அரசுக்குத் தெரிவிக்க, அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய சி படிவத்தைக் கோட்டை விடாதீர்கள்.

சத்துவாச்சாரி: ஒருவர் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் வேறு சொல்கிறார். கடைசியாக யாரைத்தான் நம்புவது?

கவுண்டரில் இருப்பவர் பார்க்கும் திரையை. விமான நிறுவனங்கள் ‘டைமாட்டிக்’ என்ற தகவல் தளத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவதா, திருப்பி அனுப்புவதா என்று முடிவு செய்கின்றன. தகுதியில்லாதவரை ஏற்றிக்கொண்டு போனால் அபராதமும் திருப்பிக் கொண்டுவரும் செலவும் அவர்கள் தலையில் விழும். அதனால் நீங்கள் காட்டும் வாட்ஸ்அப் செய்தி அங்கே எடுபடாது. விமான நிறுவனத்தின் தளத்தை டிக்கெட் போடும்போது ஒரு தடவை, சாம்பிள் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை, கிளம்பும் அன்று ஒரு தடவை பாருங்கள். நடுவில் மாறி ஏறும் நாட்டின் விதியையும் சேர்த்துப் பாருங்கள், பலரும் அதைத்தான் விடுகிறார்கள்.

அப்புறம் சாலை. இங்கிருந்து மீனம்பாக்கம் 130 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் மோசமாக இருக்கிறது என்று உயர் நீதிமன்றமே பாதிச் சுங்கம் வாங்கச் சொன்ன சாலை அது. ஸ்ரீபெரும்புதூரில் லாரிகள் நின்றால் நின்றதுதான். தாள்களைச் சரிபார்க்கவே கவுண்டரில் நேரம் பிடிக்கிறது, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். சென்னையில் சொந்தக்காரர் வீடு இருந்தால் முந்தின நாளே போய்விட்டு, சாம்பிளையும் அங்கேயே கொடுத்துவிடலாம்.