கேளுங்க, சொல்றோம்: பழைய பென்ஸ் வாங்கிட்டீங்களா?

கேள்வி: சார், எனக்கு ஊரு கோயமுத்தூர். 1996 மாடல் பென்ஸ் இ220 ஒண்ணு எடுத்திருக்கேன், பூனாவுல அசெம்பிள் பண்ணின டபிள்யூ124 (அந்தக் கால இ கிளாஸோட மாடல் கோட்) வண்டி, பாடி சுத்தமா இருக்கு. காலைல ஸ்டார்ட் பண்ணா அருமையா ஓடுது, நல்லா சூடானதும் ஐடிலிங் (வண்டி நிக்கறப்ப இன்ஜின் ஓடற வேகம்) ஏறி எறங்குது, சிக்னல்ல நின்னா சில நேரம் ஆஃப் ஆயிடுது. பிளக், காயில், ஏர் ஃப்ளோ சென்சார் எல்லாம் மாத்தியாச்சு, இப்ப இசிஎம் (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) போச்சுங்கறார் மெக்கானிக். மாத்தலாமா?

பதில்: வேணாம், கொஞ்சம் பொறுங்க. இதுவரைக்கும் உங்க வண்டில யாரும் கோளாறு என்னன்னு பாக்கல, பார்ட்ஸ் மட்டும்தான் மாத்தியிருக்காங்க. இன்ஜின் சூடாகாம இருக்கும்போது ஒழுங்கா ஓடி சூடானா மக்கர் பண்ற 90கள் பென்ஸ்னா நான் முதல்ல கை வைக்கிற இடம் இன்ஜின் வயரிங் ஹார்னஸ், அதாவது இன்ஜின் சென்சார்களுக்கெல்லாம் போற வயர்க் கட்டு. 90களோட முதல் பாதில வந்த பென்ஸ்கள்ல இந்த வயர் மேல இருக்கிற இன்சுலேஷனை, வண்டி ஸ்கிராப்புக்குப் போனதும் தானா மக்கிப் போகட்டும்னு சுற்றுச்சூழலை நினைச்சு ஒரு புது மெட்டீரியல்ல போட்டாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா குப்பைமேட்டுல மக்க வேண்டியது பானெட்டுக்குள்ளயே மக்க ஆரம்பிச்சிடுச்சு. இன்ஜின் சூட்டுல அது காஞ்சு அப்பளம் மாதிரி நொறுங்கும், உள்ள செம்புக் கம்பி ஒண்ணோட ஒண்ணு உரசும், சென்சார் ஒழுங்கா இருந்தாலும் சிக்னல் தப்பாப் போகும். இதை விட்டுட்டு புது இசிஎம் போட்டா அதே ஷார்ட்ல அதுவும் போயிடும்.

நீங்களே பாக்கலாம். பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டிட்டு, இன்ஜெக்டருக்குப் போற கனெக்டர் கிட்ட கருப்பு ஸ்லீவை கொஞ்சம் பின்னாடி தள்ளி, உள்ள இருக்கிற சின்ன வயரை விரலால லேசா வளைங்க. ரப்பர் மாதிரி வளைஞ்சா பிரச்னை வேற இடம், செதில் செதிலா உதிர்ந்தா ஆள் கிடைச்சாச்சு. வெளிய இருக்கிற ஸ்லீவ் பளபளன்னு இருக்கேன்னு ஏமாறாதீங்க, அழுகறது உள்ளதான். ஹார்னஸ்ல தேதி போட்ட லேபிள் இருந்தா பாருங்க, 2000க்கு மேல இருந்தா முன்னாடி ஓனர் மாத்திட்டார்னு அர்த்தம்.

புது ஹார்னஸ் வாங்கினா காசு கொஞ்சம் நோகும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் இருந்தா பழைய கனெக்டரையே வச்சுக்கிட்டு, சூடு தாங்கற சிலிக்கான் இல்லேன்னா டெஃப்ளான் வயர்ல, அதே தடிமன்ல, அதே கலர்ல திரும்ப கட்டித் தரலாம், நல்லாவே உழைக்கும். இன்ஜினுக்குள்ள போற காத்தை அளந்து விடற த்ராட்டில் பாடிக்குள்ள இருக்கிற வயரும் அதே மெட்டீரியல்தான், அதைப் பாக்காம விட்டீங்கன்னா ஐடிலிங் பழையபடி ஆடும், செலவும் வேஸ்ட். இன்சுலேஷன் டேப் சுத்தித் தர்றேன்னு யாராவது சொன்னா கும்பிட்டுட்டு வண்டியைத் திருப்பிடுங்க.

கேள்வி: என்னோடதும் அதே மாடல்தான். டிராஃபிக்ல டெம்பரேச்சர் முள்ளு ஏறுது. தெர்மோஸ்டாட்டை (ரேடியேட்டருக்குக் கூலன்ட் போறதைத் தொறந்து மூடற வால்வு) கழட்டிட்டா சரியாயிடும்னு கழட்டிக் கொடுத்துட்டாங்க. ஹைவேல இப்ப முள்ளு 60 தாண்ட மாட்டேங்குது, டிராஃபிக்ல மட்டும் இன்னும் ஏறுது. (வாசகர், மதுரை)

பதில்: நம்மூர்ல இது ஒரு பழைய வைத்தியம், எனக்குச் சுத்தமாப் பிடிக்காது. அந்த தெர்மோஸ்டாட் 87 டிகிரி வாக்குல தொறக்கற மாதிரி செஞ்சது, அது இல்லேன்னா இன்ஜின் சூடே ஆகாம, இன்னும் சூடாகலன்னு நினைச்சு பெட்ரோலைக் கூட ஊத்திக்கிட்டே ஓடும், மைலேஜும் போச்சு தேய்மானமும் ஜாஸ்தி. புதுசு ஒண்ணு வாங்கி திரும்பப் போடுங்க. ஓடும்போது சரி, நின்னா ஏறுதுன்னா அது காத்துப் பிரச்னை, ஃபேன் பக்கம் பாருங்க. இன்ஜின் ஃபேனோட கிளட்ச் சூட்டுல பிடிக்குதா, முன்னாடி இருக்கிற எலக்ட்ரிக் ஃபேன் ஏசி போட்டா சுத்துதா, ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பூச்சி, தூசி அடைஞ்சு கம்பளி மாதிரி உக்காந்திருக்கா, மூணையும் பாருங்க. அப்புறம் கூலன்ட், குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம், டிஸ்டில்ட் வாட்டரும் பென்ஸுக்கு ஒத்துவர்ற கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. ரேடியேட்டர்ல மேல் ஹோஸ் மாட்டற பிளாஸ்டிக் கழுத்துல முடி மாதிரி விரிசல் இருந்தா உடனே மாத்துங்க, அது எங்கயாவது நடு ரோட்டுலதான் உடையும்.

கேள்வி: வருஷா வருஷம் சம்மர்ல ஏசி கேஸ் அடிக்கறேன், ரெண்டு மாசத்துல காலி. (வாசகி, திருச்சி)

பதில்: கேஸ் தீர்ந்து போற பொருள் இல்லைங்க, எங்கயோ ஒழுகுது. அடுத்த தடவை கேஸ் அடிக்கறதுக்கு முன்னாடி நைட்ரஜன் பிரஷர் போட்டு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. வெளிய ஹோஸ், ஓ ரிங், கண்டன்சர்ல ஒண்ணும் சிக்கலேன்னா டேஷ்போர்டுக்குள்ள இருக்கிற கூலிங் காயிலாத்தான் இருக்கும், இந்தப் பழைய பென்ஸ்களுக்கு அது ரொம்ப சகஜம். காயிலை விட கூலிதான் ஜாஸ்தி, மொத்த டேஷ்போர்டையும் எறக்கணும். அதனால ஒரே தடவைல ஹீட்டர் ரேடியேட்டர் சீல், காத்தைத் திருப்பற ஃபிளாப்போட வேக்யூம் டயஃப்ரம் எல்லாத்தையும் சேத்து மாத்திடுங்க, அதுக்காக இன்னொரு தடவை டேஷ்போர்டைப் பிரிச்சா கிளிப்பெல்லாம் உடைஞ்சு ஓட்டும்போது கடகடன்னு சத்தம் வரும்.

கேள்வி: 2004 இ கிளாஸ் ஒண்ணு ரொம்ப கம்மி விலைல வருது. பிரேக் பேடு மட்டும் மாத்தணுமாம், அதை வீட்லயே மாத்திக்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு வேணாம். அது டபிள்யூ211, டபிள்யூ124க்குப் பின்னாடி வந்த இ கிளாஸ் மாடல், அந்த வருஷத்து வண்டில எஸ்பிசின்னு எலக்ட்ரானிக் பிரேக் இருக்கு. நீங்க பெடலைத் தொடவே வேணாம், கதவைத் தொறந்தாலே பம்ப் தானா பிரஷர் ஏத்தும், அந்த நேரம் காலிப்பர்ல (பேடை அழுத்திப் பிடிக்கற பாகம்) விரல் இருந்தா நசுங்கிடும். ஸ்கேனர் வச்சு சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டுத்தான் பேடுல கை வைக்கணும். இந்த சிஸ்டத்துக்காக 2004லயும் 2005லயும் உலகம் பூரா ரீகால் விட்டாங்க, 2006ல மாடலைக் கொஞ்சம் புதுப்பிச்சப்ப (ஃபேஸ்லிஃப்ட்) இ கிளாஸ்ல இருந்து எடுத்தே போட்டுட்டாங்க. இன்னொரு விஷயம், பம்ப் எத்தனை தடவை வேலை செஞ்சதுன்னு உள்ள ஒரு கணக்கு ஓடும், அந்த லிமிட் முடிஞ்சா டேஷ்ல சிகப்பு வார்னிங் வரும், அப்புறம் யூனிட்டையே மாத்தணும். விலை கம்மியா சொல்றதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம், ஸ்கேன் போட்டுப் பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

கேள்வி: பார்ட்ஸ் எங்க தேடறது? ஆர்சியும் முடியப் போகுது. (வாசகர், சேலம்)

பதில்: கதவு ஹேண்டில், டெயில் லைட், சீட் சுவிட்ச் மாதிரி ஐட்டத்துக்கு சென்னை புதுப்பேட்டை, கிடைக்கலேன்னா டெல்லி காஷ்மீரி கேட். ஆனா பிரேக், ஸ்டியரிங், ரப்பர் ஐட்டம் மட்டும் பழசு வாங்காதீங்க. சேசிஸ் நம்பரை வச்சுப் பார்ட் நம்பர் எடுத்துட்டுப் போங்க, "பென்ஸ் 124க்கு ஒண்ணு கொடு"ன்னு கேட்டா வேற இன்ஜினோடது வந்துடும். ஆர்சி 15 வருஷம் முடிஞ்சதும் அஞ்சஞ்சு வருஷத்துக்கு ரினியூ பண்ணணும், ஃபார்ம் 25. 20 வருஷம் தாண்டின காருக்கு இந்தக் கட்டணத்தை 2025 ஆகஸ்ட்ல 10,000 ரூபாயா ஏத்திட்டாங்க, கிரீன் டாக்ஸ் தனி. வண்டியை நேர்ல கொண்டு போய்க் காட்டணும், அதனால ஹெட்லைட், ஹேண்ட் பிரேக், புகை மூணையும் சரி பண்ணிட்டு அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் போங்க.